ஆமென் சொல்லாத ஜெபம்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். என் தங்கை கிரேனாப். அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம், வயது நாற்பத்தொன்பது. அவர்களுடைய மூத்த மகள் பெர்சிஸ், பதினெட்டு. இளையவள் சாரோன், ஒன்பது. எங்கள் சபையின் உபதேசியார் மாசிலாமணி, முப்பத்தெட்டு. ஆறாவது ஆள் நான். கருப்பட்டி மண்டியில் முப்பத்து நான்கு வருடம் எடை போட்டுவிட்டு, இப்போது தங்கை வீட்டோடு இருக்கிறேன்.

ஐந்து பேர் முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். பெர்சிஸ் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அடுக்களையில் இரண்டு ஈடு இட்லி வெந்து தயாராக இருந்தது. ஈட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் இருபத்து நான்கு.

விடிந்தால் சனிக்கிழமை. ஆறரை மணி பஸ்ஸில் பெர்சிஸ் திருச்சிப் பக்கம் நர்சிங் படிக்கப் போகிறாள். பெட்டி கட்டியாயிற்று. கிறிஸ்துமஸுக்கும் வரப்போவதில்லை என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

பத்தொன்பது நாளாக அவள் குடும்ப ஜெபத்துக்கு வரவில்லை. பத்தொன்பது நாளாக இரவில் எங்களோடு சாப்பிடவும் இல்லை.

முதல் நாள் மாப்பிள்ளை அருமைநாயகம் சத்தம் போட்டார்.

"ஜெபத்துக்கு வராதவங்களுக்கு இந்த வீட்டுல ராத்திரித் தட்டு கிடையாது."

கோபத்தில் சொன்னது. பெர்சிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவரே, "பிள்ளையைச் சாப்பிடச் சொல்லு" என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினார். ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும் என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. அதனால் எங்கள் வீட்டில் இரவில் இட்லிதான். தினமும் நான்கு மீந்தது. காலையில் அது உப்புமா ஆயிற்று.

"அக்கா, நீ சாப்பிடுதியா இல்லையா?" என்று சாரோன் கதவைத் தட்டிக் கேட்டாள். "உன்னால நான் தினமும் இட்லி உப்புமா திங்கேன்."

"நாலு குறைச்சு ஊத்தலாமே" என்று நான் ஒருநாள் தங்கையிடம் சொன்னேன்.

"குறைச்சு ஊத்தினா பிள்ளை போயிட்ட மாதிரி இருக்கும்ண்ணே."

அன்று ராத்திரியும் குறைக்காமல்தான் ஊற்றினாள்.

மாப்பிள்ளை உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். சபையில் நீளமாக ஜெபம் பண்ண ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் எழுப்புவார்கள். தன்னைவிடப் பதினொரு வயது இளைய உபதேசியாரிடம் புதன்தோறும் போய்ப் பிரசங்கம் பண்ணப் பழகிவந்தார். "நான் அவருக்குச் சீஷன்" என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லுவார்.

அந்த வாரம் புதன்கிழமை அவரோடு நானும் போனேன்.

உபதேசியார் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு ஆறு வயது. பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்திருந்தது. சீப்பை அதில் தட்டித் தட்டி வாரினார்.

"வாங்க, வாங்க. இன்னும் கொஞ்சந்தான்."

"அப்பா, வலிக்கி."

"இந்தா, முடிஞ்சிட்டு."

"எத்தனைப்பா எடுத்தீங்க?"

"எல்லாம் எடுத்தாச்சு."

"ஏழு" என்றேன் நான். காகிதத்தில் இருந்ததை எண்ணி முடித்திருந்தேன்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

உபதேசியார் காகிதத்தை நான்காக மடித்தார்.

"அண்ணாச்சி, அந்த எண்ணிக்கை எனக்கும் ஆண்டவருக்கும் தெரிஞ்சா போதும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை இதையெல்லாம் கவனிக்கவில்லை. வழியெல்லாம் மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, ஒரு வீட்டைக் கிறிஸ்தவ வீடா எப்படிக் கட்டணும்?"

"இதுவரைக்கும் எப்படிக் கட்டினீங்க?"

"தினமும் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். ஒருநாள் தவறினது கிடையாது. பாட்டு, வேத வாசிப்பு, பிள்ளைங்க மனப்பாட வசனம் சொல்லணும். கடைசியில என் ஜெபம்."

"உங்க ஜெபம் எவ்வளவு நேரம்?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"அதுல பிள்ளைங்க பேர் வருமா?"

"வராம இருக்குமா? அவங்களுக்காகத்தானே ஜெபமே."

"எத்தனை தடவை வரும், அண்ணாச்சி?"

இப்போதுதான் எண்ணிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவரே கேட்டதால் சொன்னேன்.

"பெர்சிஸ் பேர் பதினொண்ணு. சாரோன் ஆறு. தங்கச்சி பேர் ரெண்டு."

"என் பேர், மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"வந்தது இல்ல, மாப்பிள்ள."

உபதேசியார் சீப்பை விரலால் துடைத்தார்.

"பெர்சிஸ் ஏன் ஜெபத்துக்கு வரமாட்டேங்கிறா?"

"செல்போன்தான் ஐயா. வேற என்ன?"

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். பதினேழு நாளாகத் தெரியும். அதில் எனக்கும் பங்கு இருந்ததால் வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்று சொன்னேன்.

அவள் ஜெபத்துக்கு வராமல் போனதற்கு முந்தின நாள், எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்த சனிக்கிழமை. பதினாறு பேர் இருந்தோம். வடையும் காப்பியும் அடுக்களையில் காத்திருந்தன. முடிவு ஜெபத்துக்கு மாப்பிள்ளை எழுந்து நின்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, கெமிஸ்ட்ரியில் முப்பத்தெட்டு மார்க் வாங்கின இந்தப் பெர்சிஸை உமது கரத்தில் தருகிறோம். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் பாதியாவது உமக்கு முன்னால் நின்றிருந்தால் டாக்டருக்குப் படித்திருப்பாளே, ஆண்டவரே. ஒன்றுக்கும் உதவாதவளாக இருக்கிறாளே."

இப்படியே போயிற்று. கடைசியில் "ஆமென்" என்றார். எல்லோரும் "ஆமென்" என்றோம். பிறகு வடை சாப்பிட்டோம்.

மறுநாள் பெர்சிஸ் என்னிடம் வந்தாள்.

"மாமா, ஆமென்னா என்ன அர்த்தம்?"

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்மா. ஞாயிறு பள்ளியில சொல்லித் தந்திருப்பாங்களே."

"அப்பா என்னை ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொன்னாங்க. பதினாலு பேர் அப்படியே ஆகட்டும்னு சொன்னீங்க. நான் எண்ணினேன். அம்மா சொன்னாங்க. சாரோனும் சொன்னா." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்களும் சொன்னீங்க மாமா."

இதை நான் சொல்லி முடித்தபோது மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் அவளுக்காகத்தானே ஜெபம் பண்ணினேன்!" என்றார்.

"அவளுக்காகவா, அவளைப் பத்தியா?" என்றார் உபதேசியார்.

"ஆண்டவர்கிட்டதானே சொன்னேன் ஐயா. அவகிட்டயா சொன்னேன்?"

"சரி. இன்னைக்கு ஒண்ணு செய்யுங்க. ஜெபத்துல அவ பேர் வரும்போது கண்ணைத் திறங்க. அவ முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லுங்க."

"அவதான் வரமாட்டாளே."

"அப்ப அவ கதவைப் பார்த்துச் சொல்லுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மாப்பிள்ளை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்களாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"சொல்லியிருக்கலாம், மாப்பிள்ள" என்றேன்.

அன்று ஏழரைக்கு ஜெபம் ஆரம்பித்தது. பாட்டு முடிந்தது. வாசிப்பு முடிந்தது. சாரோன் வசனம் சொன்னாள். மாப்பிள்ளை ஜெபிக்க ஆரம்பித்தார். நான் கண்ணை மூடவில்லை.

முதல் தடவை பெர்சிஸ் என்ற பேர் வந்தது. அவர் கண்ணைத் திறந்து உள்ளறைக் கதவைப் பார்த்தார்.

கதவுக்குக் கீழே ஒரு விரல் அளவு இடுக்கு உண்டு. அதில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல். பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாக "ஆமென்" என்றார். மொத்தம் நான்கு நிமிடம்.

"முடிஞ்சிட்டாப்பா?" என்றாள் சாரோன். "நெசமாவா?"

மறுநாள் வியாழன். கடையைக் காலை பத்து மணிக்கே சாத்திவிட்டு மாப்பிள்ளை உபதேசியாரிடம் போனார். நானும் கூடப் போனேன். உபதேசியார் தன் மகளின் செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தார்.

"சொல்ல முடியல ஐயா."

"எதை?"

"சொல்ல இருந்ததை. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருக்கா. தினமும் அப்படித்தான் நின்னிருக்கணும்."

"எதுக்கு நிக்கிறா?"

மாப்பிள்ளை யோசித்தார்.

"இனிமே நான் என்னத்தைச் சொல்லி ஜெபிக்க? அவ பேரை எடுத்தாலே அந்தக் கதவுதான் கண்ணுல நிக்கு."

"அண்ணாச்சி சொன்ன கணக்குல ஒரு பேர் விட்டுப்போச்சே. அதை எடுங்க."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பேரையா? பிள்ளைங்க கேக்கிற மாதிரியா?"

"அவங்க பேர் மட்டும் ஊர் கேக்கிற மாதிரி வந்துதே."

"அதைக் கேட்டா அவ வெளிய வந்துருவாளா, ஐயா?"

"வரலைன்னா செய்ய மாட்டீங்களோ?"

மாப்பிள்ளை மண்ணைப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் சாப்பிட வருதேன்" என்றார் உபதேசியார். "கிரேனாப்பு அக்காகிட்ட எனக்கு அஞ்சுன்னு சொல்லிடுங்க."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை நாங்கள் ஆறு பேர் ஆனோம். மாப்பிள்ளைக்கு நான்கு, எனக்கு நான்கு, தங்கைக்கு நான்கு, சாரோனுக்கு மூன்று, உபதேசியாருக்கு ஐந்து. அது இருபது. மீதி நான்கை வழக்கம்போலவே தங்கை ஊற்றியிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளை உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க இருக்கும்போது நான் எதுக்கு? நீங்களே ஜெபம் பண்ணிருங்க."

"நான் சாப்பிட வந்தவன்" என்றார் உபதேசியார்.

மாப்பிள்ளை முழங்காலில் நின்றார். கண் திறந்தே இருந்தது. கதவுக்குக் கீழே வெளிச்சம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

"ஆண்டவரே" என்றார். "அருமைநாயகம்..."

அவர் வாயில் அந்தப் பேர் பழக்கமில்லாத பேர் மாதிரி வந்தது.

"அருமைநாயகம் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் ரெண்டு தடவை தவறினவன்."

கிரேனாப் கண்ணைத் திறந்தாள். கல்யாணமாகி இருபது வருடம். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவருடைய அப்பா ஒருதரம் என்னிடம் சொல்லியிருந்தார்.

"அப்பா பெயிலா?" என்று சாரோன் கேட்டாள்.

"உஷ்" என்றாள் கிரேனாப்.

"மூணாவது தடவைதான் தேறினேன். இந்த வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. என் பிள்ளை முதல் தடவையே தேறிட்டா." ஜெபத்துக்கு என்று அவர் வைத்திருந்த பாஷை எங்கோ போய்விட்டது. கடையில் பேசுகிற மாதிரிப் பேசினார். "அவ கண்ணாடி முன்னால நிக்கிறதைப் பார்த்தேன். தினமும் காலையில அந்தக் கண்ணாடி முன்னாலதான் தங்கச்சிக்கும் தலை பின்னி விடுதா. அதைப் பார்க்கல. பார்த்தாலும் உம்மகிட்ட சொல்லல."

நிழல்கள் அசையவில்லை.

"பதினாறு பேர் இருக்கிற இடத்துல என் பிள்ளையை அப்படிச் சொன்னேன். உம்மகிட்ட சொல்லுத மாதிரி அவங்ககிட்டதான் சொன்னேன். கண்டிப்பான தகப்பன்னு நாலு பேர் நினைக்கணும்னு சொன்னேன். நான் நல்ல தகப்பன் இல்ல, ஆண்டவரே. என் பிள்ளைக்கு ஒண்ணுக்கும் உதவாத தகப்பன்."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. நிறுத்திவிட்டார்.

ஜெபம் நின்றால் எங்களுக்கு வாயில் ஆமென் தானாக வந்துவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சாரோன்தான் முந்தினாள்.

"ஆமெ..."

கதவு படாரென்று திறந்தது.

"ஏட்டி சாரோன்! ஆமென் சொல்லாத!"

பெர்சிஸ் நிலைப்படியில் நின்றாள். முகம் முழுதும் நனைந்திருந்தது.

"அதுக்கு யாரும் ஆமென் சொல்லக் கூடாது" என்றாள். "அம்மா, நீங்களும் சொல்லக் கூடாது. மாமா, நீங்களும்."

என் வாய் பாதி திறந்திருந்தது. மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை முழங்காலில் நின்றபடியே மகளைப் பார்த்தார். பெர்சிஸ் அவரைப் பார்த்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்ப்பவர்கள் என்ன பேசுவார்கள்?

"ஆமென் சொல்லாம ஜெபத்தை எப்படி முடிக்கிறதாம்?" என்று சாரோன் கேட்டாள்.

"சாப்பிட்டு முடிப்போம்" என்றார் உபதேசியார். "இட்லி ஆறுது."

கிரேனாப் ஆறு தட்டு எடுத்து வைத்தாள். பெர்சிஸ் சாரோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் இட்லி பாதி போயிற்று.

"கெமிஸ்ட்ரியில எந்தப் பகுதியிலப்பா போச்சு?" என்றாள் பெர்சிஸ், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஆர்கானிக்."

"எனக்கும் அதான்."

"எனக்கும் அதான் போகும் போல" என்றாள் சாரோன்.

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பெர்சிஸ் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது இட்லியில் அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் லீவு என்னைக்கு விடுவாங்கன்னு தெரியலம்மா. போனதும் கேட்டுச் சொல்லுதேன்."

கிரேனாப் சட்னி எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குப் போனாள். சட்னி எங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

"இன்னொண்ணு வைக்கட்டா, பெர்சிஸு?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"போதும்மா. ராத்திரி கொஞ்சமாத் தின்னு பழகிப்போச்சு. மெதுவாத்தான் சரியாகும்."

சாப்பிட்டு முடித்ததும் உபதேசியார் புறப்பட்டார். மாப்பிள்ளையும் நானும் வாசல் கேட் வரை கூடப் போனோம். அவர் செருப்பை மாட்டினார். மாப்பிள்ளை கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஆமென் சொல்லாத ஜெபம் போய்ச் சேருமா?"

உபதேசியார் உள்ளே பார்த்தார். பெர்சிஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாரோன் ஏதோ சொல்ல, தண்ணீரைத் தெளித்து அவளை விரட்டினாள்.

"அவ வந்து சேர்ந்துட்டாளே. அதுக்குப் பிறகுமா கேக்குதீங்க?"

மாப்பிள்ளை கொண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

நான் உள்ளே வந்தேன். அடுக்களையில் இட்லிப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணிக்கை வாய்வரைக்கும் வந்தது. யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்தேன்.

மீதி ஒன்று.